மூன்று மூட்டைத் தகரமும் மூன்றாவது சிலிண்டரும்

இந்த முறை கல்வெட்டும் இல்லை, குடைவரையும் இல்லை. தகரம். ஆனால் கேள்வி பழைய கேள்விதான். எழுத்தே இல்லாத ஒரு பொருளைக் கையில் கொடுத்து, இது எந்தக் காலத்தது, எதோடு சேர்ந்தது என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது?

நம் ஊரில் இன்ஜின் சூட்டுக்கு மருந்து தண்ணீர். அம்பாசடர் டிரைவர்கள் மேட்டில் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் துணியைச் சுற்றித் திருகி, பிளாஸ்டிக் கேனில் இருந்து தண்ணீர் ஊற்றுவதை நாற்பதைத் தாண்டிய எல்லோரும் பார்த்திருப்போம். காற்றால் குளிரும் கார் இன்ஜினில் அந்த வேலையே கிடையாது. ரேடியேட்டர் இல்லை, ரப்பர் ஹோஸ் இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை. இருப்பது ஒரு விசிறியும், அதைச் சுற்றி வளைத்துப் பூட்டிய தகட்டு உறைகளும்தான்.

அந்த உறைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பார்க்க வெறும் மூடி மாதிரி இருக்கும். கழற்றி மூலையில் போட்டாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும். அதனாலேயே நம்ம ஊரில் முதலில் தொலைவது அதுதான்.

துடுப்பு, விசிறி, உறை

காற்றால் குளிரும் இன்ஜின் நமக்குப் புதிதில்லை. 1955-ல் திருவொற்றியூரில் புல்லட் வந்ததில் இருந்து பழகியது. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் துடுப்புகள், வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அவற்றினூடே போகும், சூடு போய்விடும். புல்லட்டுக்கு உறை தேவையில்லை, ஏனென்றால் இன்ஜின் வெட்டவெளியில் காற்றுக்கு முகம் காட்டி நிற்கிறது.

பழைய பஜாஜ் ஆட்டோவைப் பாருங்க. இன்ஜின் பின்னால், உள்ளே ஒளிந்திருக்கிறது. எதிர்க்காற்று அங்கே போகாது. அதனால் ஃபிளைவீலிலேயே விசிறி இதழ்களை வைத்து, அந்தக் காற்றை ஒரு உறை வழியாகச் சிலிண்டர் மேல் திருப்புகிறார்கள். அந்த உறை உடைந்துபோன ஆட்டோ சிக்னலில் நின்றால் என்ன ஆகும் என்பது எல்லா ஆட்டோ மெக்கானிக்குக்கும் தெரியும்.

இன்னொரு உதாரணம் நம்ம கடற்கரையிலேயே இருக்கு. கோவளத்தில் இருந்து மாமல்லபுரம் தாண்டி சதுரங்கப்பட்டினம் வரை மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளின் பின்பக்கம் பாருங்கள். நீண்ட தண்டு, அதன் முனையில் புரொப்பெல்லர், மேலே ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தப் படகுகள் இந்தக் கரை முழுவதும் பெருகின. அந்த இன்ஜின்களில் பல, இத்தாலியின் லொம்பார்டினி வடிவமைப்பில் கிரீவ்ஸ் இங்கே தயாரித்த வகை. ஒரு காலத்தில் டீசல் என்ஃபீல்டில் வந்ததும் அதே குடும்பம்தான். காற்றால் குளிர்வது. விசிறி, உறை எல்லாம் உண்டு.

சுற்றிலும் கடல் நிறையத் தண்ணீர் இருக்கும்போது எதற்குக் காற்று? யோசித்தால் காரணம் புரியும். படகு துறைமுகத்தில் நிற்பதில்லை, அலையைத் தாண்டி மணலில் ஏறுகிறது. கடல்நீரை உள்ளே இழுத்தால் மணலும் சேர்ந்து வரும், உப்பும் வரும். தண்ணீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் கடல் நடுவில் இன்ஜின் பிடித்துவிடும். தண்ணீர் அங்கே மருந்து இல்லை, தொல்லை.

ஜெர்மனியில் 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் குழு மக்கள் காருக்கு இன்ஜின் தேடியபோதும் தண்ணீர் தொல்லையாகத்தான் இருந்தது. அங்கே மணல் இல்லை, பனி. கார் வாங்கப்போகும் சாதாரணக் குடும்பத்துக்கு ஷெட் கிடையாது, வண்டி தெருவில்தான் நிற்கும். இரவில் தண்ணீர் உறைந்தால் பிளாக் வெடிக்கும். அந்தக் குழுவில் இருந்த ஃபிரான்ஸ் சேவர் ரைம்ஷ்பீஸ் வடிவமைத்த நான்கு சிலிண்டர் படுக்கை இன்ஜின் காற்றால் குளிர்வது. அடிப்படை மாறாமல், மெக்சிகோவின் புவெப்லா தொழிற்சாலையில் 2003 ஜூலை 30 அன்று கடைசி பீட்டில் வெளியே வரும்வரை அந்த வடிவம் ஓடியது. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் வண்டிகள்.

அடிப்படை மாறவில்லை என்றேன். மாறியது தகரம். அங்கேதான் நம் கதை ஆரம்பிக்கிறது.

காற்று போகும் வழி

பீட்டில் இன்ஜின் காரின் பின்புறம். மேலே டைனமோ. டைனமோ தண்டின் ஒரு முனையில் பெல்ட் புல்லி, மறுமுனையில் விசிறி. விசிறியை மூடி, கவிழ்த்த அரைவட்டம் மாதிரி ஒரு பெரிய ஃபேன் ஹவுசிங். விசிறி நடுவில் காற்றை இழுத்து ஹவுசிங்குக்குள் வீசும். காற்று இடம் வலமாகப் பிரிந்து இரண்டு பக்கச் சிலிண்டர்கள் மேலும் இறங்கும்.

இறங்கினால் போதாது. காற்று சோம்பேறி, எங்கே வழி சுலபமோ அங்கே போய்விடும். அதைத் துடுப்புகளுக்குள் நெருக்கித் தள்ள, ஒவ்வொரு ஜோடிச் சிலிண்டருக்கும் மேலே ஒரு மூடித்தகடு. சிலிண்டரின் மேல்பாதியைத் தொட்ட காற்று கீழ்ப்பாதியைத் தொடாமல் ஓடிவிடாதபடி கீழே ஒரு சிறிய வளைதகடு. பிறகு முன்தகடு, பின்தகடு, புல்லித் தகடு, சுற்றிலும் ரப்பர் பட்டை. இவை எல்லாம் சேர்ந்து இன்ஜினுக்கு மேலே இருக்கும் குளிர்ந்த காற்றையும் கீழே இருக்கும் சூடான காற்றையும் இரண்டு அறையாகப் பிரிக்கின்றன. நடுவில் ஒரு சந்து இருந்தாலும் கீழே வெளியேறிய சூட்டுக்காற்றை விசிறி திரும்ப இழுக்கும்.

சாஃப்ட்வேர் ஆள் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது: விசிறி ஒரு ஃபங்ஷன், தகரம் அதன் இன்டர்ஃபேஸ். இரண்டு வேறு வெர்ஷனைச் சேர்த்துப் பூட்டினால் பிழைச்செய்தி எதுவும் வராது. சூடு மட்டும் மெதுவாக ஏறும்.

ஏன் நம்மிடம் கலந்து கிடக்கிறது

ஜெர்மனியில் ஒரு பழைய பீட்டில் கிடைத்தால் அதன் தகரம் பெரும்பாலும் அதனுடையதாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. காரணம் இந்தியக் கார்த் தொழிலின் வரலாறு.

1953-ல் டாரிஃப் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு, இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் இல்லாதவர்கள் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்க முடியாது என்று ஆனது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. மிஞ்சிய கார்கள் மூன்று: கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், நம்ம வண்டலூரில் ஸ்டாண்டர்ட். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மூன்றுமே தண்ணீர் வண்டிகள். அதனால் ஒரு தலைமுறை கார் மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் முழுவதும் ரேடியேட்டரில் உருவானது.

பீட்டில் இங்கே தயாராகவே இல்லை. தனி இறக்குமதியாகவும், வெளிநாட்டுக்காரர்கள் கொண்டுவந்து விட்டுப்போனதாகவும் வந்தவைதான். தூதரக வண்டிகள் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாகக் கைமாறின. ஆக வந்தவை கொஞ்சம்; அந்தக் கொஞ்சமும் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஸ்பேர் கிடைக்காது. ஒரு வண்டியை ஓட்ட இன்னொன்றைப் பிரித்தார்கள். இரண்டும் பீட்டில்தானே, பொருந்தும் என்று நினைத்தார்கள். பாதி பொருந்தியது. பொருந்தாததைச் சுத்தியால் பொருத்தினார்கள்.

இப்படிச் சேர்ந்த தகரம்தான் மூன்று சிமெண்ட் மூட்டையாக என் முன்னால் வந்தது. செங்கல்பட்டில் மூடப்போகிற ஒரு பட்டறையில் இருந்து திருப்போரூர்ப் பக்கத்து நண்பர் வாங்கி வந்தார். அவரிடம் ஒரு பீட்டில் இருக்கிறது, இன்ஜின் பிரித்துக் கிடக்கிறது. "இதுல என் வண்டியோடது எது, வேற வண்டியோடது எது, நீதான் கல்வெட்டெல்லாம் பாக்குறியே, சொல்லு" என்றார்.

வல்லத்துத் தூண்கள் மாதிரி

கல்வெட்டு இருந்தால் சுலபம். இல்லாதபோது என்ன செய்வோம்? செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குடைவரையில் தூண் கீழே சதுரம், நடுவில் எண்பட்டை, மேலே மறுபடி சதுரம். மகேந்திரவர்மன் காலத்துப் பாணி. மாமல்லபுரம் வந்தால் தூணின் அடியில் சிங்கம் உட்கார்ந்துவிடும். சிங்கத்தைப் பார்த்ததும் இது மகேந்திரனின் பாணிக்குப் பிந்தியது என்கிறோம். ஒரு புது உறுப்பு வந்துவிட்டால் அது 'இதற்கு முன் இல்லை' என்று ஒரு கோடு போடுகிறது.

தகரத்துக்கும் அதே கோடுகள் உண்டு. ஒரு சௌகரியமும் உண்டு: சிங்கம் ஏன் வந்தது என்று நாம் ஊகிக்கத்தான் முடியும், தகரத்தில் ஒரு ஓட்டை ஏன் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு புகாருக்குப் பதில்.

ஒரு எச்சரிக்கை. ஃபோக்ஸ்வாகனில் 1950களின் நடுவில் இருந்து மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும். 1965 மாடல் என்றால் 1964 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. குதிரைத்திறனிலும் குழப்பம் உண்டு. ஐரோப்பியக் கணக்கில் 30 என்பதை அமெரிக்கப் புத்தகம் 36 என்கும், 34 என்பதை 40 என்கும். இரண்டும் ஒரே இன்ஜின்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி: விசிறி எங்கே இருந்தது? ஹவுசிங் உயரமாக, டைனமோவைத் தாங்கும்படி இருந்தால் பீட்டில் வகை. தட்டையாக, விசிறி கிரான்க் தண்டின் முனையிலேயே உட்காரும்படி இருந்தால் அது 1961-ல் வந்த டைப் 3 காரின் இன்ஜின். பின்னாலும் சாமான் வைக்க இடம் வேண்டும் என்று இன்ஜினையே படுக்க வைத்த வடிவம் அது. இந்தத் தகரம் பீட்டிலுக்கு ஆகவே ஆகாது. தனி மூட்டை.

இரண்டாவது: அகலம். 1131 சிசி, 25 குதிரைத்திறன் இன்ஜினும், 1953 டிசம்பரில் வந்த 1192 சிசி, 30 குதிரைத்திறன் இன்ஜினும் ஒரு குடும்பம். அவற்றில் டைனமோவின் பீடம் கிரான்க் கேஸோடு சேர்த்து வார்க்கப்பட்டது. 1960 ஆகஸ்டில் 34 குதிரைத்திறன் இன்ஜின் வந்தபோது சிசி மாறவில்லை, ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே புதிது. சிலிண்டர்களின் இடைவெளி கூடியது, பீடம் தனியாகக் கழன்றது, ஹவுசிங் அகலமானது. இந்தக் கோட்டின் இரண்டு பக்கத்துத் தகரமும் ஒன்றோடொன்று சேராது. 1200 என்று கேட்டதும் ஒரே இன்ஜின் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்றாவது: ஹவுசிங்கின் இரு பக்கமும் ஹோஸ் மாட்டும் குழல் இருக்கிறதா? பழைய முறையில், சிலிண்டரைக் குளிர்வித்துச் சூடான அதே காற்றுதான் ஹீட்டர் வழியாகக் காருக்குள் போகும். இன்ஜினில் ஆயில் கசிந்தால் அந்த நாற்றமும் கூடவே வரும். 1963 மாடலில் அதை மாற்றி, விசிறியில் இருந்தே நல்ல காற்றைத் தனியாக எடுத்து, சைலன்சர் குழாயைச் சுற்றியிருக்கும் பெட்டியில் சூடாக்கி உள்ளே அனுப்பினார்கள். அதற்குத்தான் இந்த இரண்டு குழல். குழல் இருந்தால் 1963-க்கு முன் இல்லை.

குழல் இல்லாவிட்டால்? அப்போது 1963-க்கு முன் என்று சொல்லிவிட முடியாது. விலை குறைந்த ஸ்டாண்டர்ட் மாடலில் பழைய இன்ஜின் அதற்குப் பிறகும் சில காலம் தொடர்ந்தது. அதோடு ஃபோக்ஸ்வாகன் இதே இன்ஜினைப் பம்ப், கம்ப்ரஸர் மாதிரி வேலைகளுக்குத் தனியாகவும் விற்றது. அந்த இன்ஜினுக்கு ஹீட்டர் எதற்கு? அதன் ஹவுசிங்கிலும் குழல் இருக்காது. ஒரு உறுப்பு இருப்பது சாட்சி. இல்லாதது அவ்வளவு நல்ல சாட்சி இல்லை. கோயில் ஆராய்ச்சியிலும் இதேதான்.

நான்காவது: காற்றைக் கட்டுப்படுத்துவது எது? குளிர்ந்த இன்ஜின் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காக, ஆரம்பத்தில் காற்று மட்டுப்பட வேண்டும். 1964 மாடல் வரை விசிறியின் வாயில் ஒரு வளையம் இருந்தது. அது நெருங்கினால் காற்று குறையும், விலகினால் கூடும். 1965 மாடலில் வளையம் போய், ஹவுசிங்குக்கு உள்ளேயே கீழ்ப்பக்கம் மடல்கள் வந்தன. இரண்டையும் இயக்குவது வலது சிலிண்டர்களுக்குக் கீழே இருக்கும் துருத்தி மாதிரியான தெர்மோஸ்டாட். 65 முதல் 70 டிகிரியில் அது விரிந்து முழுதாகத் திறக்கும். ஹவுசிங்கைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள்: மடலின் அச்சுக்குத் துளை இருந்தால் கோடு விழுந்துவிட்டது.

ஐந்தாவது: ஹவுசிங்கின் முதுகில் கூடுதலாக ஒரு வாய் திறந்திருக்கிறதா? இருந்தால் 1970 ஆகஸ்டுக்குப் பிந்தியது. இதற்குத் தனிக்கதை உண்டு, கீழே வருகிறேன்.

ஆறாவது, சிலிண்டர் மூடித்தகடுகள். 1200-ன் தகடு 1300, 1500, 1600 இன்ஜின்களின் ஹெட்டில் சரியாக அமராது. பெரிய இன்ஜின்களுக்குள்ளேயே, ஒவ்வொரு ஹெட்டிலும் காற்று நுழைய இரண்டு வாய் வைத்த 1971 மாடல் வகைக்கு மேனிஃபோல்ட் வரும் இடத்தில் வெட்டு அகலமாக இருக்கும். பழைய தகட்டில் வெட்டு சிறியது. அந்த வெட்டு நேராக, அச்சில் அடித்த மாதிரி இருக்கிறதா, இல்லை உளியால் பெரிதாக்கியதா என்று விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் மூட்டையில் இரண்டு தகடு உளி வாங்கியவை.

கடைசியாக எண். சில பாகங்களில் ஒன்பது இலக்கப் பாக எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் எந்த வகை வண்டிக்காக அந்தப் பாகம் முதலில் வந்தது என்று சொல்லும்: 111, 113 என்றால் பீட்டில், 211 என்றால் வேன், 311 என்றால் டைப் 3. அடுத்த மூன்று இலக்கம் 119 என்றால் காற்றுக் குளிர்விப்புக் குழு. ஆனால் நிறையத் தகடுகளில் எண்ணே கிடையாது. எண் இருந்தாலும் அது பாகம் பிறந்த கதையைச் சொல்லும், கடைசியாக எந்த இன்ஜினில் இருந்தது என்று சொல்லாது. இன்ஜின் எண்ணைத் தகரத்தில் தேடாதீர்கள். அது டைனமோ பீடத்துக்குக் கீழே கிரான்க் கேஸில் இருக்கும்.

மூன்றாவது சிலிண்டர்

இப்போது அந்தக் கூடுதல் வாய். இந்த இன்ஜினில் ஆயிலும் குளிர்விக்கும் வேலை செய்கிறது. அந்த ஆயிலைக் குளிர்விக்க ஒரு கூலர் நிமிர்ந்து நிற்கும். முதல் வடிவமைப்பில் அதை ஃபேன் ஹவுசிங்குக்கு உள்ளேயே, இடது பக்கம், மூன்றாவது சிலிண்டருக்கு நேர் மேலே வைத்தார்கள். இடமும் மிச்சம், தனிக் காற்றும் வேண்டாம். அழகான யோசனை.

ஆனால் விளைவைப் பாருங்கள். மற்ற சிலிண்டர்களுக்குப் புதுக்காற்று. மூன்றாவதுக்கு மட்டும் கூலரைத் தாண்டி வந்த காற்று: அளவில் குறைந்தது, ஏற்கெனவே சூடேறியது. மூன்றாவதில் எக்ஸாஸ்ட் வால்வு எரிவது பீட்டில்காரர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த நோய். தொழிற்சாலைக்கும் தெரியும். சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் பொறி ஓரிரு டிகிரி தாமதமாக விழும்படி கேமையே செதுக்கியிருந்தார்கள். நோயை விட்டுவிட்டு வலிக்கு மாத்திரை கொடுத்த மாதிரி.

25 குதிரைத்திறன் இருந்தவரை பெரிய சேதம் இல்லை. 1966 மாடலில் 1300, 1967-ல் 1500, 1970-ல் அமெரிக்க வண்டிகளுக்கு 1600 என்று ஏற ஏறச் சூடும் ஏறியது. கடைசியில் 1970 ஆகஸ்டில், 1300, 1600 இன்ஜின்களில், கூலரை ஹவுசிங்குக்கு வெளியே எடுத்து முதுகில் தனிக்கூண்டில் வைத்தார்கள். அமெரிக்கர்கள் அந்தக் கூண்டுக்கு நாய்வீடு என்று பெயர் வைத்தார்கள். கூலருக்குத் தனிக் காற்று. அதில் இருந்து வரும் சூட்டுக்காற்று சின்னக் குழல் வழியாக இன்ஜின் அறைக்கு வெளியே போய்விடும். இரண்டு வேலைக்கும் காற்று போதவேண்டும் என்பதற்காக விசிறியின் இதழையும் அகலமாக்கினார்கள்.

ஆக ஒரு கூண்டு, அதற்கேற்ற ஹவுசிங், அகல விசிறி, சூட்டுக்காற்றுக் குழல், அதற்கு வெட்டு விட்ட முன்தகடு. ஐந்தும் ஒரு குடும்பம். ஒன்றை மட்டும் எடுத்துப் பழைய இன்ஜினில் பூட்டினால்? அகல விசிறியைப் பழைய ஹவுசிங்கில் போட்டால் உரசும். குழல் இல்லாமல் கூண்டை மட்டும் பூட்டினால் ஆயிலின் சூட்டை விசிறி திரும்ப இழுக்கும். மூன்றாவது சிலிண்டரைக் காப்பாற்ற வந்த தகரம் நான்கு சிலிண்டரையும் சுடும்.

சென்னை வெயிலும் கைவைத்தியமும்

காற்றுக் குளிர்விப்பு என்பது துடுப்புக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் பிழைப்பது. அக்னி நட்சத்திரத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் நாற்பது டிகிரி வெயிலில் அந்த வித்தியாசம் ஜெர்மனியில் இருப்பதைவிடக் குறைவு. இங்கே தகரம் முழுதாக இருப்பது அங்கேயைவிட முக்கியம். நடந்தது தலைகீழ்.

நண்பரின் ஷெட்டுக்கு வந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். புதுப்பேட்டையில் கை பழகியவர்.

"கீழ இருக்குற தகடெல்லாம் எதுக்கு சார்? கழட்டிட்டா காத்து நல்லா போகும்ல. நாங்க அப்பவே கழட்டிருவோம்."

"அண்ணே, ஆட்டோவுல சிலிண்டர் மேல இருக்குற கவரைக் கழட்டுவீங்களா?"

"அதெப்படி? அது இருந்தாத்தானே காத்து சிலிண்டருக்குப் போகும்."

சொல்லிவிட்டு அவரே வளைதகடு ஒன்றை எடுத்து, இரண்டு சிலிண்டருக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ இதுவும் அதே கவருதான்" என்றார்.

அவரிடம் அறிவு இருந்தது, ஆட்டோவில் இருந்தது. கார் என்றதும் கை ரேடியேட்டர் பழக்கத்துக்குப் போய்விட்டது: திறந்து விட்டால் குளிரும். மூன்று கைவைத்தியம் திரும்பத் திரும்ப நடந்திருப்பது மூட்டைத் தகரத்திலேயே தெரிகிறது. ஒன்று, கீழ் வளைதகடுகளைக் கழற்றுவது. இரண்டு, தெர்மோஸ்டாட்டோடு மடல்களையும் பிடுங்குவது. நம்ம ஊரில் சூடேற என்ன அவசரம் என்பது நியாயம்தான். ஆனால் மடல் காற்றை மூடுவதற்கு மட்டும் இல்லை, திறந்திருக்கும்போது திசையும் திருப்புகிறது. மூன்று, ஹீட்டர் எதற்கு என்று ஹோஸைக் கழற்றிவிட்டு, ஹவுசிங்கில் அந்த இரண்டு குழலையும் அப்படியே திறந்து விடுவது. சிலிண்டருக்குப் போகவேண்டிய காற்று அது வழியாக வெளியே ஓடும். சென்னைக்காரருக்கு ஹீட்டர் வேண்டாம் என்பது உண்மை. குழலுக்கு ஒரு மூடி வேண்டும் என்பதும் உண்மை.

மூட்டையில் இருந்தது

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, மேலே சொன்ன கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். குறைந்தது நான்கு இன்ஜின்களின் தகரம் அது. 30 குதிரைத்திறன் வகையின் குறுகலான ஹவுசிங் ஒன்று. 34 குதிரைத்திறன் 1200-ன் ஹவுசிங், குழலோடு, வளையத்துக்கான அமைப்போடு. ஆக 1963, 1964 மாடலுக்கு உரியது. மடல் அச்சுத் துளையுள்ள பிந்திய ஹவுசிங் ஒன்று. அப்புறம் டைப் 3-ன் ஒற்றைத் துண்டு, தனியாக, அநாதையாக.

நண்பரின் இன்ஜின் 34 குதிரைத்திறன் 1200. இரண்டாவது ஹவுசிங், அதற்கான மூடித்தகடுகள், பின்தகடு எல்லாம் ஒரே கட்டத்தில் சேர்ந்தன. கீழ் வளைதகடு மட்டும் மூன்று மூட்டையிலும் ஒன்றே ஒன்றுதான். மெக்கானிக் அண்ணன் அதை வைத்து அட்டையில் வடிவம் எடுத்து, இன்னொன்றைத் தானே அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உளி வாங்கிய தகடுகள் பெரிய இன்ஜினுடையவை, வேண்டியவர் கைக்குப் போகும்.

எடைக்குப் போகும் ஆவணம்

கடலோரக் காற்றில் தகடு எப்படித் துருப்பிடிக்கும் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேட் வைத்திருக்கும் யாரையும் கேட்கலாம். ஒரு மில்லிமீட்டர் தகடு சில மழைக்காலம்தான் தாங்கும். துரு விட்டுவைத்ததைக் காயலான் கடை எடுத்துக்கொள்ளும். அங்கே கிரான்க் கேஸுக்கு விலை உண்டு, ஹெட்டுக்கு விலை உண்டு, தகரம் எடைக்குத்தான்.

ஆனால் இந்தியாவில் பீட்டில்கள் எப்படி உயிரோடு இருந்தன என்பதற்கு எழுதி வைத்த ஆவணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. எந்த வண்டியைப் பிரித்து எந்த வண்டியை ஓட்டினார்கள், ஸ்பேர் வராத ஆண்டுகளில் பட்டறை என்ன யோசித்தது என்பதெல்லாம் உளிவெட்டிலும், கூடுதலாகப் போட்ட போல்ட் துளையிலும், மூன்று அடுக்குப் பெயிண்டிலும்தான் இருக்கிறது. தொழிற்சாலை போட்ட ஓட்டை ஜெர்மனியின் வரலாறு. பட்டறை போட்ட ஓட்டை நம் வரலாறு.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்க வீட்டு மாடியிலோ, தாத்தா காலத்து ஷெட்டிலோ இப்படி வளைந்த கறுப்புத் தகடுகள் கிடந்தால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் கவிழ்த்துப் பாருங்கள். பக்கக் குழல், அச்சுத் துளை, முதுகு வாய் மூன்றையும் தேடுங்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். உளியால் வெட்டிய இடம் இருந்தால் அதை மட்டும் தேய்த்துச் சரிபண்ண வேண்டாம். யாரோ ஒருத்தர் ஸ்பேர் இல்லாத காலத்தில் ஒரு வண்டியை ஓடவைத்த இடம் அது.